டீயில் கரைந்த நீலம்

சோதனைக்கூடத்தின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய டமாரம், பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துச் சத்தமாக வாசித்தான்.

"பொருள்களின் ஆயுட்காலம் இங்கே கணித்துத் தரப்படும். வக்கீலம்மா, நாம துப்பறிய வந்திருக்கோமா, ஜாதகம் பார்க்க வந்திருக்கோமா?"

"வாயை மூடு. ஹெல்மெட்டைக் கழட்டு."

"வாயை மூடிட்டா அப்புறம் ஹெல்மெட்டே தேவையில்லையே. எனக்கு அடி விழற இடமே அதுதானே."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனசுக்கு ஒப்பாத வழக்குகளில் வாதாடிச் சலித்து, கோர்ட்டை விட்டு வெளியே வந்து துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். கறுப்புக் கோட்டு போய்விட்டது. பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. ரகசியம் காக்க வேண்டிய தொழிலில் டமாரம் என்ற பெயருள்ளவனை எப்படிச் சேர்த்தீர்கள் என்று யாராவது அவரைக் கேட்டால், டமாரமே முந்திக்கொண்டு பதில் சொல்வான்: "நான் சொல்றதை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க சார். ரகசியத்துக்கு இதைவிடப் பத்திரமான இடம் எது?"

எதிரே டீக்கடையில், சாலையைப் பார்த்த பெஞ்சில், அவர்களுடைய கட்சிக்காரி உட்கார்ந்திருந்தாள். இந்தச் சோதனைக்கூடத்தின் கெமிஸ்ட். போன வாரம் வரைக்கும் இந்தக் கண்ணாடிக் கதவு அவளுக்காகத் திறந்தது. இப்போது கேட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு.

விஷயம் இதுதான். ஒரு மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் குழாய் வெடித்துவிட்டது. வேறு இயந்திரம் வரும்வரை ஒரு நர்ஸ் காற்றுப் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் குழந்தையைப் பிழைக்க வைத்தாள். அந்தக் குழாய் மூன்று வருடம் தாங்கும் என்று சான்று கொடுத்தது இந்தச் சோதனைக்கூடம். அது தாங்கியதோ பத்து மாதம். சான்றின் அடியில் இருந்தது கெமிஸ்டின் கையெழுத்து. குழாய்க் கம்பெனியிடம் கை நீட்டிவிட்டாள் என்று ஊர் பேசியது. அன்று மாலை ஐந்து மணிக்கு முதலாளி போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார்.

"யாரோ சாம்பிளை மாத்திட்டாங்க மேடம்," என்று அவள் காலையில் வந்து சொல்லியிருந்தாள். "நான் வெச்ச குழாயை எடுத்துட்டு, புதுசா ஒண்ண உள்ள வெச்சிருக்காங்க. அதைத்தான் நான் இழுத்துப் பார்த்து நல்லா இருக்குன்னு எழுதியிருக்கேன். வேற எப்படியும் இது நடக்க வாய்ப்பே இல்ல."

மணி இரண்டரை ஆகிவிட்டிருந்தது.

*

முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பொண்ணை நான் என் மக மாதிரி நெனச்சேன் மேடம். அதான் நெஞ்சு ஆறல. நீங்க எதை வேணும்னாலும் பாருங்க. எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல."

"முதல்ல, ஒரு குழாய்க்கு ஆயுசு எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அது அவருக்குப் பிடித்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கெட்டுப்போகாத பொருளே உலகத்துல கிடையாது மேடம். வேகம்தான் வேற வேற. ரப்பரோ பிளாஸ்டிக்கோ, உள்ளுக்குள்ள இழை ஒவ்வொண்ணா அறுந்துகிட்டேதான் இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. மூணு வருஷம் தாங்குமான்னு பார்க்க மூணு வருஷம் காத்திருக்க முடியுமா? அதனால ஓவன்ல வெச்சு சூடு ஏத்துவோம். பத்து டிகிரி ஏத்தினா கெடற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இன்னொரு பத்து ஏத்தினா அதுக்கும் ரெண்டு மடங்கு."

"வட்டிக்கு வட்டி," என்றான் டமாரம். "என் மச்சான் இதைத்தான் தொழிலாப் பண்றான்."

"எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இந்த ரகக் குழாய்க்குப் பொருந்துதுன்னு பல தடவை பார்த்தாச்சு. எழுபது டிகிரியில பத்து வாரம் வெச்சா, வெளியில மூணு வருஷம் கிடந்ததுக்குச் சமம். வாங்க, காட்டறேன்."

சாம்பிள் அறை ஒடுக்கமாக, குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே ஒரு வாலிபன் அலமாரியைத் திறந்துகொண்டிருந்தான். சட்டைப் பையில் திருப்புளி, நகத்தில் கிரீஸ். சாவி அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது.

"இவன் எங்க மெக்கானிக். அந்தப் பொண்ணோட சொந்தத் தம்பி. அக்கா சிபாரிசுலதான் சேர்ந்தான். அவ செஞ்சதுக்கு இவனை நான் ஒண்ணும் சொல்லல," என்றார் முதலாளி, பெருந்தன்மையோடு.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் வக்கீலம்மாவின் அருகில் வந்து மெல்லக் கேட்டான்.

"அக்கா காலைலேர்ந்து ஏதாவது சாப்பிட்டாளா மேடம்?"

"நாலு டீ."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போய்விட்டான்.

முதலாளி தன் கையால் வைத்த சீலைத் தானே உடைத்தார். ஓர் எஃகு ட்ரே. அதில் மெல்லிய கம்பியால் கட்டப்பட்ட ஆறு குழாய்கள். பக்கத்தில் இருட்டுப் பெட்டியிலிருந்து இன்னொரு குழாயையும் எடுத்தார்.

"இது அதே கம்பெனி, அதே நாள் வந்தது. ஓவன் பக்கமே போகாதது. ரெண்டையும் வெளிச்சத்துல பாருங்க."

பெட்டியிலிருந்த குழாய் கண்ணாடி போல இருந்தது. ட்ரேயில் இருந்தவை இளமஞ்சளாக, எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்த நிறத்தில் இருந்தன.

"புரியுதா? சாம்பிளை மாத்தியிருந்தா இதுவும் கண்ணாடி மாதிரிதானே இருக்கணும்? இது ஓவனுக்குள்ள பத்து வாரமும் இருந்திருக்கு. ட்ரேயோட உள்ள போச்சு, ட்ரேயோட வெளியில வந்துது. யாரும் எதையும் மாத்தல. இழுத்துப் பார்த்துட்டு அந்தப் பொண்ணுதான் பொய்க் கணக்கு எழுதியிருக்கா."

வக்கீலம்மா இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் நடந்தார். திரும்பி வந்தார். கட்சிக்காரி சொன்ன ஒரே வாதம் அவர் கண் முன்னாலேயே சரிந்து விழுந்துவிட்டது. டமாரம்கூட ஒரு நிமிடம் பேசவில்லை. அவனுக்கு அது வருடத்தில் ஒரு தடவை நடப்பது.

"சரி, இதை உள்ள வெச்சிடலாமா?" என்று ட்ரேயைத் தூக்கினான் டமாரம். தூக்கியவன் அதன் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தான். "இது என்ன சார், கோழி கிண்டின மாதிரி?"

ட்ரேயின் அடியில் நீல நிறத்தில் தடிமனாக ஓர் எண் கிறுக்கப்பட்டிருந்தது.

முதலாளி முகம் சுளித்தார். "ஸ்டோர்ல செய்யற வேலை. சாம்பிள் வந்த அன்னிக்கு அடையாளத்துக்குக் கிரேயான்ல எண் போடுவாங்க. ஓவன்ல வைக்கறதுக்கு முன்னால துடைக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கறேன். துடைக்காம விட்டிருக்காங்க."

"குடுங்க சார், நான் துடைச்சிடறேன்." மெக்கானிக் கை நீட்டினான்.

"வேண்டாம்," என்றார் வக்கீலம்மா. "அப்படியே இருக்கட்டும். கிரேயான்னா, குழந்தைங்க படம் வரையறதா?"

"அதேதான். கடையில விக்கற சாதாரண மெழுகு."

வக்கீலம்மா நீல எண்ணை விரல் நுனியால் தடவினார். ஓரங்கள் கூராக இருந்தன. கொஞ்சம்கூட வழியவில்லை.

"இதுல ஒரு சிட்டிகை சுரண்டிக்கலாமா?"

முதலாளி தோளைக் குலுக்கினார். டமாரம் ஸ்கூட்டர் சாவியால் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டான். மிச்ச எண் ட்ரேயிலேயே இருக்க, முதலாளி மறுபடி சீல் வைத்தார்.

"அந்த ஓவனைப் பார்க்கலாமா?"

"அது இன்னிக்குக் காலைலதான் போச்சு மேடம்," என்றான் மெக்கானிக். "பழசு. புதுசு வருது. இடம் வேணும்னு பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

"அடுத்த வாரம் அளவெல்லாம் சரிபார்க்க வெளியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்க," என்றார் முதலாளி. "பழசை வெச்சுகிட்டு அவங்களோட மல்லுக்கட்ட முடியாது."

"எந்தக் கடைக்குப் போச்சு?"

"தெரியல மேடம். லாரி வந்துது, ஏத்திகிட்டுப் போயிடுச்சு."

வெளியே வரும்போது கேட்டில் இருந்த காவலாளியிடம் டமாரம் அதே கேள்வியைக் கேட்டான். காவலாளி யோசிக்கவே இல்லை. "ரயில் பாலத்துக்குக் கீழ இருக்கற கடை. எப்பவும் அங்கதானே போகும்."

*

"குழாய் உள்ளதான் இருந்திருக்கு. யாரும் மாத்தல," என்றார் வக்கீலம்மா.

கெமிஸ்ட் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. "அப்ப என்னை நீங்களும் நம்பலையா?"

"நம்பிக்கை அப்புறம். கேள்விக்குப் பதில் சொல்லும்மா. பத்து வாரமும் எழுபது டிகிரி இருந்துதா?"

"இருந்துது மேடம். தினமும் காலைல முதல் வேலையா மீட்டரைத்தான் பார்ப்பேன். எழுபதுன்னா எழுபது. ஒரு நாள்கூட ஆடல."

"டமாரம், உன் டீ எப்படி இருக்கு?"

"கழுநீர் மாதிரி இருக்கு."

"சூடு எப்படி?"

"குடிக்கற சூடுதான். கொஞ்சம் முன்னாடி இருந்தா நாக்கு வெந்திருக்கும்."

"எழுபது டிகிரி டீயை வாயில வெச்சா?"

கெமிஸ்ட் பதில் சொன்னாள். "துப்பிடுவோம் மேடம். இது அறுபதுகூட இருக்காது."

"அந்தப் பொட்டலத்தை எடு. உள்ள போடு."

"என் டீயிலயா?"

"கழுநீர்னு நீதானே சொன்ன?"

டமாரம் காகிதத்தைப் பிரித்து நீலத் துகளை கிளாஸுக்குள் உதறினான். மூன்று தலைகளும் அதன்மேல் குனிந்தன. துகள்கள் மிதந்தன. ஓரம் மழுங்கின. பிறகு ஒவ்வொன்றாக இளகி, எண்ணெய்ச் சொட்டு போல வட்டமாக விரிந்து, டீயின் மேல் நீலக் கண்களாக நின்றன.

கெமிஸ்ட் மெல்ல எழுந்து நின்றாள்.

"இது எங்க இருந்துது?"

"ட்ரேக்கு அடியில. துடைக்காம விட்டிருக்காங்க. பத்து வாரம் உள்ள இருந்திருக்கு. ஒரு எழுத்துகூட வழியல."

"வழியாம இருக்க முடியாதே. எழுபதுல இது தண்ணியா ஓடியிருக்குமே..." அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப உள்ள எழுபது இல்ல."

"எவ்வளவு இருந்திருக்கும்?"

"மெழுகு உருகலன்னா ஐம்பது, ஐம்பத்திரண்டு... ஐம்பதுன்னா இருபது டிகிரி குறைச்சல். வேகம் பாதியில பாதி. நாலுல ஒரு பங்கு." அவள் விரல்கள் காற்றில் கணக்குப் போட்டன. "மூணு வருஷத்துல நாலுல ஒரு பங்கு ஒன்பது மாசம் மேடம். ஒன்பது மாசத்துக்குத்தான் நான் அதைச் சோதிச்சிருக்கேன்."

"அது வெடிச்சது பத்தாவது மாசம்," என்றான் டமாரம். "பாவம், குழாய் சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டுதான் செத்திருக்கு."

"ஆனா மீட்டர் எழுபது காட்டிச்சே!"

"அப்ப மீட்டர் பொய் சொல்லியிருக்கு. மீட்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு ஓவனைத்தான் கேட்கணும். ஏறுங்க ரெண்டு பேரும்."

"ஸ்கூட்டர்ல மூணு பேரா? வக்கீலம்மா, சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"அதான் கோர்ட்டை விட்டு வந்துட்டேனே. ஓட்டு!"

*

வழியெல்லாம் கெமிஸ்ட் முதலாளியையே திட்டிக்கொண்டு வந்தாள். வாடிக்கையாளர் கை நழுவிப் போகக் கூடாது, எல்லாப் பொருளும் பாஸ் ஆக வேண்டும், அதற்காக அந்த மனுஷன்தான் மீட்டரைத் திருகியிருப்பார். மகள் மாதிரி என்று சொல்லிச் சொல்லியே தன் தலையில் கட்டிவிட்டார். சிக்னலில் நின்றபோதெல்லாம் வக்கீலம்மாவின் விரல்கள் டமாரத்தின் தோளில் தாளம் போட்டன.

ரயில் பாலத்தின் அடியில், துருப்பிடித்த சைக்கிள்களுக்கும் பிரிட்ஜ் உடம்புகளுக்கும் நடுவே கடைக்காரர் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார். மேலே ரயில் போனபோது தகரங்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கின.

"காலைல ஒரு ஓவன் வந்துதா அண்ணே?" டமாரம் ரயிலுக்கு மேல் கத்தினான்.

"வந்துது. உடைச்சிடணும்னு சொல்லித்தான் இறக்கினாரு. நானும் சுத்தியலை எடுத்தேன். சும்மா சொருகிப் பார்த்தா ஜம்முனு ஓடுது! ஓடற மெஷினை உடைக்க எனக்கு மனசு வரல. பின்னால வெச்சிருக்கேன்."

கெமிஸ்ட் ஓடினாள். ஆள் உயர ஓவன், கதவோடு, மீட்டரோடு முழுசாக நின்றது. கடைக்காரர் வயரை இழுத்து வந்து சொருகினார். மீட்டரில் சிவப்பு எண்கள் விழித்தன. காகிதத்தின் மடிப்பில் ஒட்டியிருந்த மிச்ச நீலத்தைத் தட்டி உள்ளே வைத்துவிட்டு வக்கீலம்மா கதவைச் சாத்தினார்.

காத்திருந்தார்கள். வக்கீலம்மா பிரிட்ஜ்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். டமாரம் ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்து, அது உடைந்து, எழுந்து நின்றான். எண்கள் ஏறின. அறுபது. அறுபத்தைந்து. எழுபதில் வந்து அசையாமல் நின்றன.

கதவைத் திறந்தார்கள். டமாரம் கையை உள்ளே விட்டான்.

"வெயில்ல காஞ்ச துணி மாதிரி இருக்கு. எழுபதுல என் கை இந்நேரம் வெளியில வந்திருக்கும், நான் இல்லாமலேயே."

நீலத் துகள் வைத்த இடத்தில் வைத்தபடி, உருகாமல் கிடந்தது.

கெமிஸ்ட் மீட்டர்மேல் குனிந்தாள். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தாள். "உள்ளுக்குள்ள ஒரு அமைப்பு இருக்கு மேடம். மீட்டர் கூட்டியோ குறைச்சோ காட்டினா சரி பண்ணிக்கறதுக்காகக் கொடுத்தது. ஆனா நாலு எண் போட்டாத்தான் திறக்கும்."

"முதலாளிக்குத் தெரியுமா அந்த எண்?"

"அவருக்கு டிவி ரிமோட்டே தெரியாது." சொல்லிவிட்டு அவள் நின்றாள். தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

வக்கீலம்மா கடைக்காரரிடம் கேட்டார். "அண்ணே, உடைக்கச் சொன்னது யாரு? கண்ணாடி போட்ட பெரிய மனுஷனா?"

"இல்லம்மா. மெக்கானிக் தம்பி. லாரி பின்னாடியே வண்டியில வந்து, இன்னிக்கே உடைச்சிடுங்கண்ணேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனாரு."

கெமிஸ்டின் விரல் மீட்டருக்குப் பக்கத்தில் காற்றில் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, நான்கு எண்களைத் தொட்டாள்.

மீட்டர் திறந்துகொண்டது. திரையில் சிவப்பாக ஓர் எண் வந்து நின்றது. இருபது.

"எப்படித் தெரிஞ்சுது?" டமாரத்தின் குரலில் கிண்டல் இல்லை.

"அவன் எல்லாத்துக்கும் இதையேதான் வெப்பான். போனுக்கு, பேங்குக்கு, வண்டிப் பூட்டுக்கு." அவள் மீட்டரிலிருந்து கையை எடுத்தாள். "நான் பொறந்த தேதி."

மேலே இன்னொரு ரயில் போயிற்று. அது போய் முடிந்தபோது, கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. ஓவன் உடைந்ததா என்று பார்க்க வந்த மெக்கானிக், அதன் சிவப்பு எண்களையும் பக்கத்தில் நின்ற அக்காவையும் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து அப்படியே நின்றான்.

டமாரம் வழியை மறிக்க நகர்ந்தான். தேவைப்படவில்லை. அவன் ஓடவில்லை.

கெமிஸ்ட் அவன்மேல் பாயவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"அக்கா..."

"எப்பலேர்ந்துடா?"

"போன வருஷம் மழை ஆரம்பிச்சப்ப." அவன் ஹெல்மெட்டின் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து பேசினான். "சூடு ஏத்தற காயில் வீக் ஆயிடுச்சு. ஐம்பதைத் தாண்டல. அதுக்கு முன்னாடிதான் ஒரு ஓவனைக் கருக்கிட்டேன்னு முதலாளி கடைசி எச்சரிக்கை கொடுத்திருந்தாரு. புதுக் காயில் வெளிநாட்டுலேர்ந்து வர்ற வரைக்கும் சமாளிக்கலாம்னு மீட்டரை ஏத்தி வெச்சேன். கொஞ்ச நாளைக்குத்தான்னு நெனச்சேன்க்கா."

"காயில் வந்துதா இல்லையா?"

"வந்துது."

"அப்ப ஏன் மாட்டல?"

"மாட்டினா நெசமான எழுபது வந்துடும். போன மாசம் பாஸ் ஆன அதே குழாய் இந்த மாசம் வெடிக்கும். எப்படின்னு கேப்பாங்க. நீ போட்ட கையெழுத்தெல்லாம் தப்புன்னு ஆயிடும். உன் பேரைக் கெடுக்க வேண்டாம்னு..." அவன் முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை முடிக்க அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"ஒரு வாரமா என்னைத் திருடின்னு பேசறாங்க. நீ வீட்டுக்கு வந்து எனக்குத் தட்டு வெச்ச."

"தினமும் சொல்லிடணும்னுதான்க்கா வருவேன்."

வக்கீலம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை தாண்டியிருந்தது. "உங்க முதலாளிகிட்ட நான் பேசறேன். அவர் இப்ப எழுதப்போறதை எழுதக் கூடாது. இவன் நேரா போலீசுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லணும். நீ இதுலேர்ந்து வெளியில வந்துட்டம்மா. மெழுகு, மீட்டர், ரெண்டும் சாட்சி."

ஆனால் கெமிஸ்ட் அவர் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. ஓவனையே வெறித்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"போன வருஷ மழையிலேர்ந்து இந்த ஓவன்ல வெச்சது அந்தக் குழாய் மட்டும் இல்ல மேடம். இன்னொரு கம்பெனியோட மூச்சுக் குழாய். ரத்தம் சுத்தம் பண்ற மெஷினோட குழாய். எல்லாம் நான் பாஸ் போட்டது. எல்லாம் ஆஸ்பத்திரியில ஓடிகிட்டு இருக்கு. இப்ப, இந்த நிமிஷம்."

அவள் போனை எடுத்தாள். எண் தப்பி, மறுபடி போட்டாள். மருத்துவமனையில் யாரோ யாருக்கோ மாற்றி, கடைசியில் குழந்தைகள் வார்டில் ஒரு பெண் குரல் வந்தது. கெமிஸ்ட் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நர்ஸ் பேசறேன். யாரு?"

"வெடிச்ச அந்தக் குழாய் நல்லா இருக்குன்னு கையெழுத்து போட்டவ பேசறேன்."

"அன்னிக்குப் பையை அமுக்கினது நான்தான்," என்றது குரல். "உங்ககிட்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல."

"திட்டுங்க. ஆனா கட் பண்ணிடாதீங்க. இப்ப வென்டிலேட்டர்ல என்ன குழாய் போட்டிருக்கீங்க?"

"அந்தக் கம்பெனிக் குழாயையெல்லாம் அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு. இது வேற கம்பெனி, பல மாசமா ஓடிகிட்டு இருக்கறது."

நர்ஸ் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னாள். கெமிஸ்ட் கண்ணை மூடித் திறந்தாள்.

"அதையும் அதே ஓவன்லதான் பார்த்தோம். ஓவன் சரியில்ல. நான் கொடுத்த சான்றை நம்பாதீங்க. வளையற இடத்துல, மாட்டற இடத்துல, வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. தயவு செஞ்சு இப்பவே."

"லைன்ல இருங்க."

காலடிச் சத்தம் தூரமாயிற்று. ஏதோ இயந்திரம் சீராகப் பீப் பீப் என்றது. பழைய இரும்புக் கடையில் ஐந்து பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார்கள்.

காலடி திரும்பி வந்தது. நர்ஸின் மூச்சு வாங்கியது.

"ஒரு குழாய்ல, வளையற இடத்துல, மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடுது. டாக்டரைக் கூப்பிட்டாச்சு, மாத்தறாங்க. இன்னும் ரெண்டு குழந்தை இருக்கு. பார்த்துட்டு வரேன். வெச்சிடாதீங்க."

"வைக்கல."

கெமிஸ்ட் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தம்பியின் பக்கம் நீட்டினாள். அவன் புரியாமல் அந்தக் கையைப் பார்த்தான்.

"உன் போனை எடு. ஆத்தங்கரை ஆஸ்பத்திரிக்கு நீ போடு. ரத்தம் சுத்தம் பண்ற வார்டைக் கேளு. யார் பேசறதுன்னு கேட்டா, யாருன்னு சொல்லு."

அவன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். எண்ணைத் தேடினான். மணி அடிக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம்," என்றான். அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தன் போனில் அந்தக் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அவன் மறுபடி ஆரம்பித்தான்.

"வணக்கம். நான் அந்த ஓவனைப் பார்த்துக்கிட்ட மெக்கானிக் பேசறேன்."